மாலை போட்ட கால்

"தை 4. வலது குதிகால், உள்பக்க ஓரம். அவரை விதை அளவு. உள்ளே நீர் தெளிவாக இருக்கிறது, ரத்தம் இல்லை. உடைக்கவில்லை. இடது பெருவிரலுக்குக் கீழே சிவப்பு. நாளை அதுவும் எழும்பும்."

தினசரி நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான் பென்சிலால் எழுதியது இது. அப்போது கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், நாள்காட்டி என்று எது வந்தாலும் படிக்க வேண்டும். அச்சில் கழிந்த நாள்காட்டித் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தில் குறிப்பு எழுதுவது பழக்கமாகிவிட்டது. மழை பெய்த நாள், உளுந்து பறித்த நாள், பஸ் வராமல் போன நாள். ஆண்டை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போகும் காவலர் தேர்வில் ஓடி வேலைக்குப் போனவர்கள் சிலர் இன்னும் சீருடையில் இருக்கிறார்கள்.

குறிப்பிலுள்ள கால் என் கணவருடையது. அவர் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்கு முந்தைய முறை ஓட்டத்தில் சுலபமாகத் தேறி, எழுத்துத் தேர்வில் தவறியவர். அதனால் கல்யாணமானது முதல் நான் அவரைப் பாடத்தில்தான் உட்கார வைத்தேன். பொது அறிவு, கணக்கு, தமிழ் இலக்கணம் எல்லாம் நானே கேள்வி தயாரித்து, நானே திருத்தினேன். ஓட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், ஏழு நிமிடம். தொலைந்த ஆட்டைத் தேடி அதைவிட அதிக தூரம் ஓடியவர் அவர்.

எங்கள் ஊர் எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அவர்கள் குடும்பம் ஆடு வளர்ப்பது. கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. அத்தை, அதாவது அவருடைய அம்மா, அப்போதும் நாள்தோறும் ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மேய்ச்சல் நிலமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிவிட்டதால் ஆடுகளைக் குறைத்துக்கொண்டே வந்தோம். வேலை கிடைக்காவிட்டால் அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போவது என்றும், நான் அத்தையோடு இருப்பது என்றும் பேசி வைத்திருந்தோம். கிடைத்தால் காவலர் குடியிருப்பில் ஒரு வீடு. குழாயில் தண்ணீர் வரும் வீடு. அதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருப்போம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவரோடு சேர்ந்து ஓடியவர் அவருடைய சித்தப்பா மகன். என்னைவிட வயதில் சிறியவர் இல்லை என்றாலும் எனக்குக் கொழுந்தன் முறை. என்னை மயினி என்பார். இரண்டு பேரும் விடியும்போது தார்ச்சாலையில் ஓடுவார்கள். புதிதாகத் தார் போட்ட ரோடு, பல்லி மிட்டாய் பரப்பியது மாதிரி ஜல்லி மேலே தெரியும். வெறுங்காலில் ஓட முடியவில்லை என்று இருவரும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கினார்கள். அவருக்குச் சரியான அளவு கிடைக்காமல் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டார். கொப்புளம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வோர் எட்டுக்கும் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கி உரசும்.

கொப்புளத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிளை நூலகத்தில் உடல்நலப் பக்கங்கள் வரும் பத்திரிகைகளை எல்லாம் புரட்டினேன். பழைய முதலுதவிப் புத்தகம் ஒன்றும் இருந்தது, அட்டை இல்லாமல். அவற்றிலிருந்து எழுதி வைத்துக்கொண்டேன். ஈரமும் உரசலும் சேர்ந்தால்தான் கொப்புளம். மேல்தோல்தான் அதற்கு மூடி, அதைப் பிய்க்கக் கூடாது. வலி தாங்க முடியாவிட்டால் மட்டும் கொதிக்க வைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை இறக்கலாம், தோல் அப்படியே இருக்க வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து, நடுவில் ஓட்டை வைத்து வளையமாக மடித்து, கொப்புளம் ஓட்டைக்குள் வருமாறு கட்டினால் உரசல் படாது. காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் விரலில் குத்தாது. ஷூவின் கயிற்றை மேல் துளைவரை இழுத்துக் கட்டினால் குதிகால் ஆடாது.

ஒவ்வொன்றையும் செய்தோம். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அவர் காலில் ஒரு கொப்புளமும் வரவில்லை. குளித்ததும் விரல் இடுக்கெல்லாம் துடைத்துப் பவுடர் போட்டுக்கொள்வார். ஊரில் அதைக் கேலிப்பேச்சாகவே ஆக்கிவிட்டார்கள்.

"என்னலே, மாப்பிள்ளைக்குக் கால்ல பவுடரு. மூஞ்சிக்கு எப்பப் போடப் போறே?" என்று டீக்கடையில் கேட்பார்களாம்.

"மூஞ்சிய வச்சா ஓடப்போறேன்?" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

கொழுந்தன் இதையெல்லாம் செய்யவில்லை. கொப்புளம் வந்தால் ஷூவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் ஓடுவார். ஆறிவிட்டால் மறுபடி ஷூ. "மயினி, அண்ணன் காலப் பிள்ள காலு மாதிரி ஆக்கிட்டீங்க" என்று ஒருமுறை சொன்னார். உண்மையாகவே அவர் பாதம் மாறியிருந்தது. கல்யாணத்தின்போது பனங்கொட்டை மாதிரி இருந்த குதிகால் மென்மையாகி, வெடிப்பெல்லாம் மூடிவிட்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வருடா வருடம் அவர் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர். சின்ன வயதில் ஏதோ காய்ச்சலில் பிழைத்ததற்கு அத்தை நேர்ந்துகொண்டது. மார்கழிக் கடைசியில் மாலை போடுவார்கள். மாலை போட்ட நாளிலிருந்து தைப்பூசத்துக்கு நடந்துபோய்க் கழற்றுகிறவரை காலில் எதுவும் போடக் கூடாது. அந்த வருடமும் வழக்கம்போல மாலை போட்டார். அழைப்பு அட்டை அதற்குப் பிறகு, பொங்கலுக்கு மறுநாள் வந்தது. ஓட்டம் தை 12, தூத்துக்குடியில். பூசம் அதற்குப் பின்னால்.

அட்டையைப் படித்ததும் தேதியைத்தான் முதலில் பார்த்தேன். மாலையோடுதான் ஓட வேண்டியிருக்கும். அவரும் அதைத்தான் பார்த்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அத்தை ஆடுகளை அடைத்துவிட்டு வந்ததும் சொன்னேன். "அத்தே, கழுகுமலையிலும் முருகன்தான. அங்கன போயி மாலையக் கழத்திட்டு, ஓடி முடிச்சப்புறம் மறுபடி போட்டுக்கிடலாம். மாலை போட்டுவிட்ட சாமியார்ட்டக் கேட்டா சம்மதிப்பாரு."

"திருச்செந்தூருக்குன்னு போட்ட மாலைய வேற எங்கன கழத்த?" என்றார்கள் அத்தை.

"ஷூவ மட்டுமாச்சும் போட்டுக்கிடட்டும். அது துணிதான, தோல் கெடையாது."

"அடியில என்னத்த வச்சிருக்கான்? ரப்பரு. காலுக்குப் போட்டா எல்லாம் செருப்புதாம்மா." அத்தை கோபமாகச் சொல்லவில்லை. முகம் பயந்துபோயிருந்தது. "அவன உசுரோட குடுத்ததே அவருதான். உத்தியோகமும் அவருதான் குடுக்கணும். அவருக்குப் போட்ட மாலையவே நடுவுல விட்டுட்டா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மாலையைத் தொட்டுக்கொண்டு, "விடுட்டி. செருப்பில்லாமத்தான ஆடு மேச்சேன். போன தடவ வெறுங்கால்லதான ஓடுனேன்" என்றார்.

 அதற்கு மேல் நான் பேசியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. மாலை போட்ட பிள்ளையை நடுவில் கழற்றச் சொல்கிற வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அச்சகத்தில் என்னோடு இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

தார் ரோட்டை விட்டுவிட்டு இருவரும் கரிசல் வண்டிப்பாதையில் ஓடினார்கள். கொழுந்தன் மாலை போடவில்லை. ஆனாலும் அண்ணனுக்காக அவரும் அங்கேயே ஓடினார், ஷூவோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகக் கிடந்த பாதை அது. வண்டிச் சக்கரம் பதிந்த தடம் தையில் காய்ந்து, ஓரமெல்லாம் ஓட்டுச் சில் மாதிரி கூராக நிற்கும். தை 4 அன்று நான் எழுதிய கொப்புளங்கள் அங்கே வந்தவை. வளையத் துணி கட்டினேன். வெறுங்காலில் துணி இரண்டு நிமிடம் நிற்காது. பிளாஸ்திரி ஒட்டினேன். வியர்வையும் மண்ணும் சேர்ந்து உருண்டு வந்துவிட்டது. காலுறை மட்டும் போட்டுக்கொள்ள அத்தை ஒருவாறு சம்மதித்தார்கள். அது மண்கட்டியில் மாட்டி முதல் நாளே கிழிந்தது.

"ஓடாம இருங்க. இன்னும் ஒரு வாரம் இருக்கு, காஞ்சிரும்" என்றேன்.

"ஓடாம இருந்தா மூச்சு போயிரும்லா."

"தோலு போனா?"

"தோலு வளரும்."

தை 6. குதிகால் கொப்புளம் தானாக உடைந்தது. மூடி பாதி கிழிந்து போயிற்று. கரிசல் மண் உள்ளே புகுந்துவிட்டது. கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மணல் என்றால் கழுவினால் போகும். இது பசை மாதிரி. நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் தோலோடு இறுகும். வெந்நீரில் கழுவிக் கழுவிப் பார்த்தேன். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் வரவில்லை. தோலுக்குக் கீழே தங்கிவிட்ட மண். நீல மருந்து போட்டு, தொடாமல் விட்டால் தானாக மேலே வரும் என்று நினைத்தேன். அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் அன்று ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. புண் கொஞ்சம் வாடியது போலவும் இருந்தது.

தை 8 அன்று நான் அச்சகத்தில் இருந்தேன். தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்த நேரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் குப்புறப் படுத்திருந்தார். குதிகாலைச் சுற்றி வெந்தது போலச் சிவந்து, நடுவில் வெளுத்து, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எருக்க இலை கிடந்தது.

எங்கள் பக்கத்தில் முள் தைத்து நுனி உள்ளே முறிந்துவிட்டால் எருக்கம்பால் விடுவார்கள். சீமைக்கருவேல முள் காலில் ஏறாத நாள் இல்லாதவர்களுக்கு அது தெரிந்த வைத்தியம். தடித்த தோலில் இரண்டு சொட்டு விட்டால் தோல் இளகி முள் மேலே வரும். அத்தை அவர் காலைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டுக்குப் பின்னால் நடந்தே வாழ்ந்தவர்களுக்கு, குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி என்றால் அது முள் நுனிதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"முள்ளு உள்ள நிக்கி, அதான் ஆற மாட்டேங்குதுன்னு பாத்தேன்" என்றார்கள் அத்தை. "ஊக்கால கிண்டிப் பாத்தேன், வரல. அதான் பால விட்டேன். பால விட்டா சாயங்காலத்துக்குள்ள வந்துரும்னு."

"அது முள்ளு இல்ல அத்தே. மண்ணு."

"மண்ணா?" என்றார்கள். காலைத் திரும்பவும் பார்த்தார்கள். "மண்ணு இப்பிடி நிக்குமா?"

பச்சைத் தோலில், மூடி இல்லாத இடத்தில் எருக்கம்பால் விழுந்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பத்திரிகையிலும் நான் படித்திராதது. பார்த்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஊசி போட்டு, மருந்து வைத்துக் கட்டி, பதினைந்து நாள் தரையில் ஊன்றக் கூடாது என்றார். ஓட்டம் இருப்பதை நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என் பக்கம் திரும்பாமலே, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றார். "அவியளா வேணும்னு செஞ்சாவ?"

"நான் என்ன சொன்னேன்?"

"சொல்லல. மொகத்துல வச்சிருக்க."

அத்தை அந்த நாட்களில் ஆட்டுக்குப் போகவில்லை. ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரரோடு பத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். அவர் எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்து, என்னிடம் காட்டி, "இதப் போடலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றதும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். அதுவரை ஒரு காரியத்துக்கும் என்னிடம் கேட்டுச் செய்கிறவர்கள் அல்ல.

தை 12 அன்று விடியற்காலம் கொழுந்தன் வந்தார். இருவரும் முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டார்கள். குதிகாலில் நான் பஞ்சு வைத்து, வேட்டித் துணியை விரல்வரை சுற்றித் தைத்தே விட்டிருந்தேன், அவிழாமல் இருக்க. விரல் நுனியில்தான் அவர் நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர், "எப்போதும்வென்றான் ஊரு வழியாத்தான போறீய. பேரக் கேட்டாலே செயிச்ச மாதிரிதான்" என்றார். கொழுந்தன் சிரித்தார். இவரும் சிரித்தார்.

நான் போகவில்லை. மணப்பெண் பெயர் தவறாகப் போன பத்திரிகை ஒன்றைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இருந்தே தீர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே இனி எழுதுவது நான் கண்ணால் பார்த்ததல்ல.

சாயங்கால பஸ்ஸில் அவர் மட்டும் வந்தார். கொழுந்தன் உயரம், மார்பளவு எடுப்பதற்காக அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தார், அதாவது தேறிவிட்டார். இவர் கால்துணி இல்லாமல், துண்டைக் குதிகாலில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா?" என்றார்கள் அத்தை.

"நேரம் தாண்டிட்டு."

"எவ்வளவு?"

"தாண்டிட்டும்மா."

 அத்தை உள்ளே போய் வெந்நீர் வைத்தார்கள்.

அவர் அந்தக் காலோடு பூசத்துக்கும் நடந்தார். நான் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். அத்தையும் சொன்னார்கள். நேர்ந்தவர்களே வேண்டாம் என்று சொன்னார்கள், சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன் என்றார்கள். அவர் கேட்கவில்லை. "இதயாவது முடிக்கேன்" என்றார். முடித்துவிட்டு வந்தபோது குதிகால் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, மாசி பாதிவரை ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தார். ஆறிய இடத்தில் தோல் மெழுகு மாதிரி பளபளப்பாக நிற்கிறது. அதிகம் நடந்தால் இன்றும் அது பிளக்கும். வளையத் துணி இப்போதும் கட்டுகிறேன். கட்டாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சித்திரையில் அவர் திருப்பூர் போனார். நின்றபடி செய்யும் வேலை. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வருவார். நான் அத்தையோடு இருந்தேன். ஆடுகளை அடுத்த வருடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டோம். அத்தைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கோயில் பக்கம் போவதும் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும், என்னத்தையாவது செஞ்சு வைப்பேன்" என்றார்கள். அவர்கள் இறந்தது 2004, புரட்டாசி. அவர் திருப்பூரிலிருந்து வந்துசேரப் பொழுது விழுந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொழுந்தன் விடுப்பில் வந்திருந்தார். பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் அவராகவே சொன்னார்.

"மயினி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அண்ணன் அன்னைக்கு நடந்ததச் சொன்னாவளா?"

"நேரம் தாண்டிட்டுன்னாவ."

கொழுந்தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "நேரம் தாண்டல மயினி. எனக்கு முன்னாலதான் போய்க்கிட்டிருந்தாவ. கடைசிச் சுத்து வளைவுல நின்னுட்டாவ. சும்மா நின்னுட்டாவ. துணி அவுந்து கெடந்துச்சு. நான் தாண்டிப் போகையில, 'நீ போ'ன்னாவ. அங்கனருந்து நடந்து வந்திருந்தாக்கூட நேரம் இருந்துச்சுன்னு நெனைக்கேன்."

"வலியிலயா?"

"வலி இருக்கும். ஆனா அது மாதிரித் தெரியல. ஓடுனது போதும்னு நிக்க மாதிரி நின்னாவ."

பிறகு தான் சொன்னதைத் தானே மறுத்தார். தானும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியதாகவும், வளைவு எது என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை என்றும், ஒருவேளை தான் ஓடி முடித்த பிறகு, அண்ணன் பின்தங்கி வந்து விசில் ஊதியதால் நின்றதைத்தான் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். இதை அண்ணனிடம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் கேட்கவில்லை. வேறு வழியில் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். அன்று அதே குழுவில் ஓடிய எட்டயபுரத்துக்காரர் ஒருவரை, வேறு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது விசாரித்தேன். காலில் துணி சுற்றிய ஒருவர் ஓடியது நினைவிருக்கிறது என்றார். அவர் எங்கே நின்றார் என்பது நினைவில்லை என்றார். ஓட்டத்தின் நேரக் குறிப்புகள் வைத்திருக்கிறார்களா, அழித்துவிட்டார்களா என்பதும் தெரியவில்லை.

தை 12 தாளில் அன்று இரண்டே வார்த்தைதான் எழுதியிருக்கிறேன்: "நேரம் தாண்டியது." அதை அடிக்கவில்லை. 2004-இல் அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன். கடைசி வளைவில் அவர் தானாக நின்றாரா, நேரம் முடிந்து நிறுத்தப்பட்டாரா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.